அப்பாவின் காரும் அண்ணனின் கெடுவும்

அப்பா போகும்போது வீடு எனக்கு, கார் அண்ணனுக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். வீட்டில் குடியிருக்கலாம். காரை என்ன செய்வது என்று அண்ணன் யோசித்ததாகவே தெரியவில்லை. அது என் வீட்டுக்குப் பக்கவாட்டுக் கொட்டகையில் சுவரைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு வருடக்கணக்காக நின்றது. டயர்கள் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. கூரைமேல் என் தையல் கடை மூட்டைகள். உள்ளே எலிகள், வாடகையில்லாமல்.

ஒருநாள் அண்ணன் வந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அந்தக் கொட்டகைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

"பாப்பா, பழைய இரும்புக்காரர்கிட்ட பேசிட்டேன். லாரி கொண்டுவந்து தூக்கிட்டுப் போயிடுவாரு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "எனக்குக் குடுத்துடு. நாங்க ஓட வைக்கிறோம்" என்றேன்.

அண்ணன் சிரித்தார். "யாரு, நீயும் மாப்பிள்ளையுமா? ஒருத்தர் மாத்திரை விக்கிறவரு, ஒருத்தி பட்டன் தைக்கிறவ."

"அதைப் பத்தி உனக்கென்ன?"

"சரி. ஆறு மாசம் கெடு. நான் வர்ற அன்னிக்கு யாரும் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது. தானா கேட்டைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். வந்தா கார் உனக்கு. வரலேன்னா லாரிக்கு."

அந்தக் காரின் முன் சீட்டில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. அப்பா அண்ணனுக்கு அதில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முன்னால் அவர்கள் இரண்டு பேர், பின்னால் நானும் காய்கறிப் பையும். நானும் கற்றுக்கொள்கிறேன் என்றதற்கு, "பையைப் பிடி, சாயுது" என்றார் அப்பா. பெரியவளானதும் அண்ணனிடம் கேட்டேன். "உனக்கெதுக்கு?" என்றார். ஆகையால் அந்த ஆறு மாதத்தில் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அண்ணன் ஸ்கூலுக்கு நேர் எதிரில் இருக்கும் இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்சும் வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் வயிற்றில் ரகசியம் தங்கும். மருந்துக்கடைக்காரர் இல்லையா, ஊரில் யாருக்கு என்ன வியாதி என்று வெளியே சொன்னால் பிழைப்பு நடக்குமா?

அவர் காரைக் கழற்றிய அழகைச் சொல்லவேண்டும். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் துடைத்து, மருந்து உறையில் போட்டு, ஒட்டி வைத்தார். உறைகளின்மேல் காலை, மதியம், இரவு என்று அச்சடித்த கட்டங்கள். முன்பக்கத்தில் கழற்றியதற்குக் காலையில் ஒரு கோடு, நடுவில் கழற்றியதற்கு மதியம், பின்பக்கம் என்றால் இரவு.

"என்னங்க, இந்த போல்ட்டைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?" என்று கேட்டேன்.

"சிரி, சிரி. பூட்டும்போது தெரியும் அருமை."

உண்மையிலேயே தெரிந்தது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டினோம். ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. ரேடியேட்டர் ஓட்டையை அடைத்தோம். கதவுகளின் துருவைத் தேய்த்துத் தேய்த்து அவர் உள்ளங்கையே உப்புக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. சீட்டுகளை நான் தைத்தேன். பழைய உறையைப் பிரித்து அளவெடுத்து, பின் சீட்டுக்கு மட்டும் பஞ்சு கொஞ்சம் தாராளமாக வைத்தேன். அந்த சீட்டின் ஸ்பிரிங் குத்திய இடம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு பின் அச்சு. பின் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல் சக்கரம் அதற்குள்தான் இருக்கிறது. கழற்றியது அவர். கிரீஸ் வாடையில் அவருக்குத் தலை சுற்றியதால் பூட்டும் வேலை என் தலையில் விழுந்தது. அச்சைத் தூக்கி என் கட்டிங் மேசைமேல் போட்டேன்.

"பெரிய பல் சக்கரம் எந்தப் பக்கம் இருந்திச்சு?"

மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலிருந்தே சொன்னார்: "இடது பக்கம். நல்லா ஞாபகம் இருக்கு."

இடது பக்கம் வைத்துப் பூட்டினேன். அவ்வளவுதான் விஷயம்.

எல்லாம் முடிந்ததும் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, என்ஜினைக் கிளப்பினோம். இருமியது, தும்மியது, புகையோடு பிடித்துக்கொண்டது. கியரைப் போட்டேன். சக்கரம் சுற்றியது! என் வீட்டுக்காரர் கைதட்டினார், நான் அழுதே விட்டேன். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்க்கவேண்டும் என்பது மட்டும் இரண்டு மண்டைக்கும் தோன்றவில்லை.

கெடு நாளில் அண்ணன் வந்தார். பின்னாலேயே லாரியும் வந்து கேட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. இரும்புக்காரர் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே கட்டலாம் என்று காரைச் சுற்றிப் பார்த்தார்.

நான் டிரைவர் சீட்டில் ஏறினேன்.

"மாப்பிள்ளை ஓட்டலையா?"

"அவருக்கு சைக்கிளே தகராறு" என்று லைசென்சை எடுத்து நீட்டினேன்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க கத்துக்கிட்ட?"

"உன் ஸ்கூலுக்கு எதிர்த்தாப்புல."

"அவன்கிட்டயா!" முகத்தில் ஈயாடவில்லை. "கிளட்சை மிதிக்கவே அவனுக்கு வராதே!" என்று முணுமுணுத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கார் சுவரைப் பார்த்து நிற்கிறது. பின்னால் எடுத்தால்தான் கேட். என் வீட்டுக்காரர் பின்னால் போய் நின்று, "வா, வா, இன்னும் வா" என்று இரண்டு கையாலும் அழைத்தார். ரிவர்ஸ் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். கார் முன்னால் பாய்ந்து, சுவரோரம் இருந்த பெயின்ட் டப்பாக்களை நசுக்கி, சுவரில் முட்டி நின்றது.

"ரிவர்ஸ்ல போடணும் பாப்பா" என்றார் அண்ணன், எல்லா மாணவர்களிடமும் பேசும் அந்தப் பொறுமைக் குரலில்.

"ரிவர்ஸ்லதான் இருக்கு!"

அவரே கையை வைத்துப் பார்த்தார். ரிவர்ஸ்தான். மறுபடியும் கிளப்பினேன். மறுபடியும் சுவர். கொட்டகை ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. பின்னால் இன்னமும், "வா, வா" என்று குரல் வந்துகொண்டிருந்தது.

இரும்புக்காரர் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினார். அப்போதுதான் கட்டிங் மேசை கண்முன் வந்தது. எந்தத் துணியானாலும் உட்புறத்தை மேலே வைத்துத் தைத்து, கடைசியில் திருப்புவதுதான் என் கைப்பழக்கம். அச்சையும் அப்படியே மல்லாக்கப் போட்டிருக்கிறேன். மல்லாக்கக் கிடந்ததன் இடது, திருப்பி மாட்டியதும் வலதாகிவிட்டது. முன்னால் போகவேண்டிய கியரெல்லாம் பின்னால் போகும், பின்னால் போகவேண்டியது முன்னால் போகும்.

"என்னங்க, தள்ளி நில்லுங்க!" என்று கத்திவிட்டு ஃபர்ஸ்ட் கியரைப் போட்டேன்.

கார் பூப்போலப் பின்னால் நகர்ந்தது. என் வீட்டுக்காரர் செடிக்குள் குதித்தார். கேட்டைத் தாண்டினேன். தெருவில் வளைத்து, செகண்ட் போட்டேன், தேர்ட் போட்டேன். கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே தெருவில் பறந்தேன். எதிரே வந்த ஒரு ஸ்கூட்டர்காரர் நாங்கள் வருகிறோமா போகிறோமா என்று தெரியாமல் இறங்கியே நின்றுவிட்டார். அண்ணன் தன் பக்கம் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்து மிதித்து, நான் புதிதாய் விரித்த மிதியடியைச் சுருட்டிவிட்டார்.

தெருமுனையில் நிறுத்தினேன். அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா, மண்டையில இடிச்சிடுச்சா?"

கையை எடுத்துப் பார்த்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. "இல்ல. கியர் தப்பாப் போச்சுன்னா கை தானா மேல போயிடுது."

"ஏன்?"

"ஏனா? ஒரு தப்புக்கு ஒரு குட்டு. உனக்குத் தெரியாதா? நீ பின்னாடிதான இருந்த?"

தெரியும்தான். குட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். குட்டாவது கிடைக்கிறதே, எனக்குப் பைதானே கிடைத்தது என்று. அண்ணன் இந்தக் காரை ஏன் திரும்பிப் பார்க்கவேயில்லை என்பது அந்தத் தெருமுனையில்தான் எனக்கு உறைத்தது.

"இன்னிக்கு ஓட்டின ஓட்டுக்கு, அப்பா இருந்திருந்தா உன் மண்டை வீங்கியிருக்கும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. அந்தக் காருக்குள் அண்ணன் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு கதவைத் திறந்து இறங்கினார். நடந்தே போகப்போகிறார் என்று நினைத்தேன். பின் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி, கையை அகல விரித்துச் சாய்ந்துகொண்டார்.

"ஸ்பிரிங் குத்துதா?" என்றேன்.

"இல்ல. இங்க நல்லாத்தான் இருக்கு பாப்பா. யாருக்கும் கை எட்டாது."

ரிவர்ஸ் கியரில் போட்டு, நத்தை மாதிரி முன்னால் ஓட்டிக்கொண்டு வந்தேன். இரும்புக்காரரிடம் அண்ணன் ஜன்னல் வழியாகவே, "நீங்க கிளம்புங்க, இது எங்க பாப்பா கார்" என்றார். தலையில் இலையோடு கேட்டில் நின்ற என் வீட்டுக்காரர், "இடது பக்கம்னு சரியாத்தான சொன்னேன்?" என்றார்.

"சரியாத்தான் சொன்னீங்க. பின் அச்சை மறுபடியும் கழட்டணும், உறையை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அண்ணன் பின் சீட்டைவிட்டு இறங்கவில்லை. "அதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னொரு தடவை முனை வரைக்கும் போயிட்டு வா" என்றார்.