முகூர்த்தக் கார்

என் வீட்டுக்காரர் மாணிக்கம் அந்தக் காரை வாங்கியது ஓட்டுவதற்கு அல்ல, கும்பிடுவதற்கு. இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டுமே!

சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பெரிய கறுப்புக் கார் அது. உள்ளே தோல் இருக்கை, பளபளக்கும் மரப்பலகை, கதவைச் சாத்தினால் தெருச் சத்தமே கேட்காது. பழைய கார் கடைக்காரன் ஒரு வருஷம் கேரண்டி கொடுத்தான். "நல்லா ஓட்டுங்க சார். எது கெட்டாலும் கொண்டாங்க, சும்மாவே சரி பண்ணித் தர்றோம். வருஷம் தாண்டினா எங்க பொறுப்பு இல்ல லா" என்று அவனே எங்கள் சிராங்கூன் ரோட்டு வீட்டு வாசல்வரை ஓட்டிவந்து நிறுத்தினான். அதோடு சரி, வண்டி அசையவில்லை.

"முதல் சவாரி நம்ம சரஸ்வதி கல்யாணத்துக்குத்தான். பொண்ணு இதுல போய் இறங்கணும், இராமசாமி வீட்டு ஆளுங்க வாயைப் பிளக்கணும்" என்றார் இவர்.

இராமசாமி எங்களுக்குச் சம்பந்தியாக வரவிருந்தவர். பொல்லாத மனுஷன். சொந்தத் தங்கை மகள் குணவதி இருக்க வெளியில் பெண் எடுப்பதா என்று அந்த வீட்டில் ஒரே புகைச்சல். படித்த பெண்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்ததால் எங்கள் படியேறினார்கள். நிச்சயம் முடிந்த கையோடு அங்கே ஒரு சாவு விழ, கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

அந்த வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் காருக்குச் சந்தனப் பொட்டு, சூடம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். இஞ்சினைக் கொஞ்சம் உறும விட்டு அணைத்துவிட்டுத் துணியால் மூடிவிடுவார். நானும் மகளும் கொட்டும் மழையில் பஸ்ஸுக்கு நிற்போம்.

"ஏங்க, கேரண்டி இருக்கும்போதே நாலு தெரு ஓட்டிப் பாருங்களேன். கெடுறதா இருந்தா இப்பவே கெட்டுத் தொலையட்டும்."

"வாயைக் கழுவுடி! மங்கல காரியத்துக்கு வச்சிருக்கிற வண்டி."

கல்யாணத்துக்கு முந்தின மாதம் கேரண்டி முடிந்தது. இவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கல்யாணம் டேங்க் ரோடு கோயிலில், காலை முகூர்த்தம். வண்டி ஓட்ட அடுத்த வீட்டு இப்ராஹீம் வந்தார். சரஸ்வதி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தாள். டோபி காட் வந்ததும் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பி, கார் நின்றே போனது. சொந்தக்காரர்களின் வண்டிகள் எங்களைத் தாண்டிப் போய்விட்டன.

இப்ராஹீம் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணே, ஓடாமலே கிடந்ததுல ரப்பர் குழாயெல்லாம் வெடிச்சுப்போச்சு. இனி நகராது லா. பாப்பாவை டாக்சியில ஏத்துங்க."

"பாதி வழியில பொண்ணு வண்டி மாறினா அபசகுனம்!" என்று இவர் மறுத்துவிட்டு,

ஒரு காப்பிக்கடைக்கு ஓடி, கார் கடைக்காரனுக்கு டெலிபோன் போட்டார். தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

"தேதி முடிஞ்சிருச்சாம். பரவாயில்ல, தள்ளிக்கிட்டே போயிடுவோம்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். இப்ராஹீமும் தலையில் அடித்துக்கொண்டு கூடத் தள்ளினார். ரோட்டில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். உள்ளே என் மகளுக்கு வியர்வையில் பொட்டு கரைந்து மூக்கில் வழிந்தது.

"நான் நடந்தே போயிடறேன்பா."

"பேசாம உட்காரு!"

நான் மறுபக்கக் கதவைத் திறந்து அவளை இழுத்துக்கொண்டு, எதிரே வந்த திரிஷா சைக்கிள் வண்டியில் ஏறினேன்.

கோயில் வாசலிலேயே கெட்டிமேளம் கேட்டது. நாங்கள் ஏற்பாடு செய்த மேளம். பாவிகள்! மணையில் குணவதி உட்கார்ந்திருந்தாள். சரஸ்வதிக்கென்று எடுத்த கூறைப்புடவை அவள் உடம்பில் இருந்தது. தாலி ஏறியாகிவிட்டது.

இராமசாமி நிதானமாக வந்தார். "கார் வழியிலேயே படுத்துடுச்சாமே? எங்க ஆளுங்க பார்த்துட்டு வந்து சொன்னாங்க. வர்றப்பவே இப்படின்னா, அந்தப் பொண்ணு வந்து எங்க வீடு விளங்குமா? நல்ல நேரத்தை விட முடியாது பாருங்க. வந்தது வந்துட்டீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

மாப்பிள்ளை தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். படித்த பெண் வேண்டுமாம், தூ!

நாங்கள் நடந்தே திரும்பினோம். டேங்க் ரோடு முனையில் இவர் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏன் வந்துட்டீங்க? இதோ வந்துட்டேனே!"

"தாலி கட்டியாச்சு. குணவதிக்கு" என்றேன்.

சரஸ்வதி அழவில்லை. கழுத்து மாலையைக் கழற்றிக் கொதிக்கும் காரின் மூக்கில் போட்டாள்.

"இதுக்குத்தானேப்பா கல்யாணம். ஆயிடுச்சு."

நான் அவளைத் தடுக்கவில்லை. அவர் மாலையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு அவர் கை தானாக நீண்டு மாலையைத் தூக்கியது. காரின் பெயிண்டில் கறை பிடித்துவிடுமே என்று, வேட்டி முனையால் அந்த இடத்தைத் துடைத்தார்.