விதைக்கோட்டைக்குள் அறுபத்து நான்கு தாள்கள்

கதை எழுதிப் பழக்கமில்லாத நான், கணக்கு ஆசிரியை என்னும் ஒரே தகுதியோடு இதை எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன். அம்சவல்லியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர் உண்டு. ஆயினும் இதுவரை எவரும் எழுதவில்லை.

அம்சவல்லி கும்பகோணத்தில் என்னோடு படித்தவள். திருவாரூருக்கு அருகே குத்தகைக்கு உழுத இராஜாங்கத்தின் மகள். அடுத்தடுத்த இரு பகா எண்களுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு நீளக்கூடும் என்பது அவளது ஆராய்ச்சி. 1971 ஜூன் முப்பதுக்குள் ஆய்வேட்டைச் சென்னையில் ஒப்படைக்காவிடில் உதவித்தொகையும் பதிவும் ரத்தாகும். அறுபத்து நான்கு தாள்கள். பேனா மையில் ஒரே பிரதி. நகலெடுத்துத் தர இயலுமா என்று மே மாதத்தில் என்னைக் கேட்டாள். விடைத்தாள் திருத்தி முடியட்டும் என்று மரியாதையாகத் தட்டிக்கழித்தேன்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி, தாள்களை ஊர் வீட்டிலேயே வைத்துவிட்டு, நூலகத்துக்காக வந்து என் அறையில் தங்கினாள். உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியே, "பதினேழாந் தாள்ல ஒரு இடம் இடிக்குது அகிலாண்டம். தாளை எடுத்துப் பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்றாள்.

குத்தகைதாரரைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டத்தைக் கழக அரசு கொண்டுவந்திருந்தது. பெயர் ஏறுமுன் வெளியேற்றிவிட நிலக்காரர் முனைந்ததால் ஊரில் கைகலப்பு. அவள் என்னிடம் வந்த மறுநாள் போலீசார் விவசாயச் சங்க நோட்டீசுகளைத் தேடி வீடு வீடாகப் புகுந்தனர். இராஜாங்கம் முன்பே தலைமறைவாகியிருந்தார். எழுத்தறியாத தாய் காத்தாயி, குத்தகைச் சீட்டு உட்பட வீட்டிலிருந்த காகிதம் அனைத்தையும் திரட்டி, விதைநெல்லை வைக்கோல் புரியால் உருண்டையாகக் கட்டிவைத்த கோட்டைக்குள் செருகிச் சாணம் மெழுகினார். அந்த வீட்டில் ஈரம் படாத இடம் அது ஒன்றே. பிறகு அவரையும் மற்றப் பெண்களையும் வேனில் ஏற்றிச் சென்றனர்.

பதினைந்தாம் தேதி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. திரும்பி வந்த இராஜாங்கம், வழக்கப்படி கோட்டையை அப்படியே நீரில் அமிழ்த்தி, மறுநாள் கரையேற்றி, முளைகட்டுவதற்காக ஈர வைக்கோலால் மூடினார்.

பதினேழாம் தேதி நாங்கள் இருவரும் அவள் ஊருக்குச் சென்றோம். காத்தாயியும் அன்று காலையில்தான் விடுபட்டு வந்திருந்தார்.

"என் காயிதம் எங்கம்மா?"

"பத்திரமா இருக்குடி. கோட்டையில."

இராஜாங்கம் திரும்பிப் பார்த்தார். "கூறு இருக்கா ஒனக்கு? வெதக்கோட்டையில போயி எவளாச்சும் காயிதம் வப்பாளா?"

"அடுப்புச் சாம்பலக்கூட கிண்டுனானுவ. நீங்க இருந்திருந்தா ஒங்களக் கேட்டுட்டு வச்சிருப்பேன்."

அம்சவல்லி கரையில் மண்டியிட்டாள். "பிரிக்கவாப்பா?"

"பிரி. நாளைக்கு நாத்தங்கால்ல வெதைக்கணும். சிந்தாமப் பிரி."

கூழாகிப்போன தாள்களைத் துளைத்துக்கொண்டு வெண்முளைகள் நீண்டிருந்தன. அவள் ஒவ்வொரு நெல்லாக விலக்கி எடுத்தாள்.

"நீ எழுதுனதுதானே, திரும்ப எழுதிடலாம்ல?" என்றார் தாய்.

"எழுதலாம்மா" என்றாள்.

பன்னிரண்டு நாட்கள் என் அறையில் நடந்துகொண்டே சொன்னாள், நான் எழுதினேன். பதினேழாம் தாளில் இடித்த இடம் வழிவிடவில்லை. பிந்தைய தாள்களில் பல அதையே நம்பி நின்றன. இருபத்தொன்பதாம் தேதி இரவு சென்னை ரயில் அவளை ஏற்றாமல் போயிற்று.

இழப்பின் விவரம் வருமாறு. அறுபத்து நான்கு தாள்களில் படிக்க இயன்றவை ஒன்பது, நினைவிலிருந்து மீண்டவை முப்பத்து மூன்று, போனவை இருபத்திரண்டு. குத்தகைச் சீட்டு ஒன்று. அது இல்லாததால் நிலம் இரண்டு ஏக்கர். உதவித்தொகை. ஆராய்ச்சிப் பதிவு. விதைநெல்லில் சேதம் இல்லை.