பன்னிரண்டு தாய்ச்செடிகள்

தூலியோ கறுப்புக் காலணியோடு தோட்டத்துச் சேற்றில் இறங்கிவிட்டார். பத்து மணிக்கு மனைவியின் சவப்பெட்டியை மூடுவார்கள். அதற்குள் கொட்டிலுக்குப் போய் ஒரு வேலையை முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் தான் சொன்னது பொய்யாகாது என்று அவருக்கு ஒரு கணக்கு.

முந்தாநாள் காலை நெரினா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"தாய்ங்கள தனியா எடுத்து மணல்ல வச்சிட்டியா?"

"வச்சாச்சு."

"பன்னெண்டுமா?"

"பன்னெண்டும். நீ தூங்கு."

அவள் தூங்கிவிட்டாள். நடுப்பகலுக்குக் கோயில் மணி அடிக்கும்போது மூச்சு நின்றது. நாற்பத்தியொரு வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு அவர் அவளிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் அவை. அதில் 'நீ தூங்கு' என்பதைத் தவிர எதுவும் நிஜமில்லை. நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று அவர் படுக்கையருகிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள். யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

எல்லையோர ஊரான கொரீசியாவில் அந்தக் கீரைச்செடிக்கு ரோஜா என்றுதான் பெயர். காப்பித்தூளில் கலக்கிற சிக்கரிக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. வசந்தத்தில் விதைத்து, நவம்பர் உறைபனியில் இரண்டு முறை நனையவிட்டு, வேரோடு பிடுங்கிக் கொட்டிலில் சாணச் சூட்டின் மேல் வைக்கோல் போர்த்திப் படுக்கவைப்பார்கள். மூன்று வாரத்தில் அந்த அழுக்கு இலைகளுக்கு நடுவிலிருந்து சிவப்பாய் ஒன்று விரிந்து வரும். வந்ததில் ஆக நேர்த்தியானவற்றைத் தின்னக் கூடாது. வேரோடு மணலில் வைத்திருந்து, பனி போனதும் நட்டு, பூக்கவிட்டு, விதை எடுக்க வேண்டும். அவைதான் தாய்கள்.

அவற்றைப் பொறுக்குகிற கை நெரினாவுடையது. பொறுக்கியதும், இந்தப் பத்து வருஷமாக, கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டிவிடுவாள். போன வருஷக் கோடையில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விதை முற்றிய செடிகளைக் குருவிகள் ஒன்று விடாமல் கொத்திவிட்டன. ஜாடியின் அடியில் மிச்சமிருந்ததைத்தான் இந்த வருஷம் விதைத்தார்கள். ஆக, இந்தப் பன்னிரண்டும் போனால் வீட்டு விதை போயிற்று. ஊரில் யாரிடமும் கேட்கவும் முடியாது. ஒவ்வொரு வீட்டு ரோஜாவும் வேறு, ஒரு வீட்டு விதை இன்னொரு வீட்டுக்குப் போகாது. எதிர்வீட்டில் இருக்கும் சொந்தத் தம்பி ரெமீஜியோ தனிக்குடித்தனம் போனபோது ஒரு கரண்டி விதை கேட்டான். விதை வீட்டோடு இருக்கணும் என்று அம்மா சொல்லிவிட்டுச் செத்திருந்தாள். தூலியோ கொடுக்கவில்லை. அதோடு பேச்சு நின்று பத்தொன்பது வருஷம்.

ஆற்றுப் பக்கமிருந்து வந்த மூடுபனி தோட்டத்தில் இடுப்பளவு நின்றது. முட்டைக்கோஸ் பாத்திக்கு அந்தப் பக்கம் நெரினா குனிந்து நிற்கிற மாதிரி இருந்தது. அவளுடைய சாம்பல் நிற மேலங்கிதான் அது. தூலியோ நின்றார். "வந்துட்டேன், செஞ்சிடறேன்" என்று வாய்விட்டே சொன்னார். பனி கொஞ்சம் நகர்ந்ததும் அது கவிழ்த்துவைத்த கூடையாகிவிட்டது. அவருக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. இந்த இரண்டு நாளாக எல்லாம் அப்படித்தான் இருந்தது, தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி.

கொட்டிலுக்கு வெளியே குழாயடியில் ஜோர்க்கா உட்கார்ந்திருந்தாள். நெரினாவின் அக்கா. எல்லைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வீட்டில் நான்காவது மாடியில் குடியிருப்பவள். சமைக்கத் தெரியும், வளர்க்கத் தெரியாது. மடியில் கத்தி, காலடியில் இரண்டு கூடை.

"கை மரத்தே போச்சு, தூலியோ. என்ன குளிரு தண்ணி! அடக்கம் முடிஞ்சு முப்பது பேராவது சாப்பிடுவாங்கல்ல? ஒரு கூடை சாதாரணம். ஆனா இத பாரு..." ஈரக் கையால் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். வெளி இலைகள் உரிந்து, வேர் விரல் நுனி அளவுக்கு நறுக்கப்பட்டு, அது அவள் உள்ளங்கையில் சிவந்து கிடந்தது. "நல்லதா பாத்து நூல் கட்டி ஒதுக்கி வச்சிருக்கா. வர்றவங்களுக்கு நல்லத வைக்கிறவளாச்சே என் தங்கச்சி. அவளே எடுத்துக் குடுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு."

அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அடுத்ததை உரித்தாள். சேற்றில் சிவப்பு நூல்கள் கிடந்தன. தூலியோ எண்ணவில்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு," என்றார். தங்கையைப் பறிகொடுத்தவளிடம் வேறு என்ன சொல்வது?

பெட்டியருகே போய் நின்றபோது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். நெரினாவின் முகம் எதையோ பாதி கேட்டு நிறுத்தியது போலிருந்தது. கால் மூட்டு வலி போய்விட்டதா என்று கேட்கத்தான் வாய் வந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் பின்னாலிருந்து, "மூடிரலாமாங்க?" என்றார். தூலியோ தலையாட்டினார். அவ்வளவு வெட்கமாக இருந்தது அவருக்கு.

கோயிலும் கல்லறையும் பனிக்குள்ளேயே நடந்து முடிந்தன. கடைசி வரிசையில் ரெமீஜியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ரொம்பக் கிழண்டு போயிருந்தான்.

சாப்பாட்டுக்குக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஜோர்க்கா கொழுப்புத் துண்டுகளைப் பொரித்து, அந்தச் சூட்டோடு காடி ஊற்றி, அவித்த பீன்ஸும் ரோஜாவுமாகக் கலந்து பெரிய பீங்கான் சட்டியில் கொண்டுவந்து வைத்தாள். ஆளாளுக்கு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு பாராட்டினார்கள். இந்தக் கூட்டத்தில்தான் ரெமீஜியோ வாசலில் வந்து நின்றான். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவன் உட்கார்ந்தான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தான்.

"தின்னு ரெமீஜியோ," என்றாள் ஜோர்க்கா. "இது நெரினா தனியா எடுத்து வச்சது. செவப்பு நூல் கட்டி வச்சிருந்தா மகராசி. பன்னெண்டு."

ரெமீஜியோ முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, தாயையா அறுத்துட்டீங்க?" மெதுவாகத்தான் கேட்டான்.

தூலியோ அவனையே பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் வார்த்தை. அதுவும் இது. அதற்கப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

"செவப்பு நூலு தாய்க்குன்னு உனக்கு யாருடா சொன்னா?"

ரெமீஜியோ எழுந்துவிட்டான். "வெளிய வாங்க."

சந்தில் பனி இன்னும் கலையவில்லை. இரண்டு கிழவர்களும் மேல்கோட்டு இல்லாமல் நின்றார்கள்.

"ஒம்பது வருஷமாச்சுண்ணே. நீங்க வியாழக்கெழம சீட்டாடப் போவீங்கள்ல? அப்ப அண்ணி வருவாங்க. மொதல்ல ஒரு கைப்பிடி வெத. அப்புறம் வருசா வருசம் தாய் பொறுக்க."

"என் வீட்டு வெதைய!"

"அம்மா போட்ட சட்டம் இருக்கு, வேணாம் அண்ணின்னேன். அந்தச் சட்டம் குருவிக்குத் தெரியுமான்னாங்க. எல்லாம் ஒரே எடத்துல இருந்தா ஒருநாள் ஒரேயடியா போயிரும்னாங்க."

தூலியோவுக்குக் கோபம் பொங்கியது. அவனை அறைந்துவிடலாம் போலிருந்தது. ஒன்பது வருஷ வியாழக்கிழமைகள்! ஜெயித்த காசில் அவளுக்கு இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு அசடு மாதிரி வந்து நிற்பார். அவள் ஒன்றும் தெரியாதவள்போல் வாங்கித் தின்பாள். அவர் ஒரே ஒரு நாள் பொய் சொன்னதற்கு இரண்டு நாளாகச் செத்துக்கொண்டிருக்கிறார்.

"நீயே பொறுக்க வேண்டியதுதான? அவ எதுக்கு?"

"பொறுக்க விட மாட்டாங்க. ஒங் கை..."

"தோண்டத்தான் லாயக்குன்னாளா?"

"அதேதான்."

தூலியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் அது வேறென்னவோ ஆகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி தொடவில்லை. தொடலாமா என்று தெரியாமல் கையை நீட்டி, கால்சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டான்.

"இந்த வருசமும் வந்தாங்க," என்றான். "டிசம்பர் ஆரம்பத்துல. மூச்சு வாங்குச்சு. கொட்டில்லயே ஸ்டூல் போட்டு உக்காந்துகிட்டு, அத எடு, இத எடுன்னு. எடுக்கச் சொன்னத அன்னைக்கே மணல்ல வச்சிட்டேன். எனக்கு அவங்ககிட்ட பயம்."

ரெமீஜியோவின் கொட்டில் சந்தின் கடைசியில் இருந்தது. அந்தப் பக்கம் போகக்கூட மாட்டாத தூலியோ, இப்போது தம்பியின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனார். அவன் தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். உள்ளே வரவில்லை. தூலியோ குனிந்து நுழைந்தார். சாணச் சூடு முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் வைக்கோலுக்கடியில் ரோஜாக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. மூலையில் ஒரு மரப்பெட்டியில் ஈர மணல். அதில் முழு வேரோடு, கழுத்து சிறுத்து, நடு இலை இறுகி நின்றன தாய்கள். ஆயிரம் செடியில் அவள் எதைத் தொடுவாளோ அவை. நல்ல கால்சட்டையோடு அவர் மண்டியிட்டு, ஒன்றன் மேல் கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ. ரெமீஜியோ கதவைப் பிடித்தபடி நிலையிலேயே நின்றான். அவன் தோள் குலுங்குவது நிழலாய் மணலின் மேல் தெரிந்தது. வெளிச்சம் பட்டால் ரோஜா பச்சையாகிவிடும், பிறகு கசக்கும். இது அவனுக்குத் தெரியாதா என்ன?

"கதவத் தொறந்து போட்டுட்டு நிக்கிறியே, அறிவிருக்கா?" என்றார் தூலியோ திரும்பாமல். "உள்ள வந்து சாத்துடா."

ரெமீஜியோ உள்ளே வந்து சாத்தினான்.