வீட்டு வேலைதான் காரணமாம்

தினமும் ஒன்பது மணி நேரம் அண்ணி தோளைத் தூக்கியபடியே பெட்டிகளுக்கு மூடி போடுகிறாள். மேசை அவளுக்கு உயரம். ஏறி நிற்கப் போட்டிருந்த பலகையையும், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று சூப்பர்வைசர் தூக்கிப் போட்டுவிட்டார்.

ஆலை டாக்டரிடம் துணைக்கு நானும் போனேன். வேலையால் வந்த வலி என்று அவர் எழுதினால்தான் சம்பளத்தோடு விடுப்பு. இல்லையென்றால் நாளைக்கும் அதே மேசை.

டாக்டர் தோளைத் தொடவே இல்லை. "வீட்டுல துணி துவைக்கிறது, தண்ணி தூக்குறது எல்லாம் உண்டுல்ல?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாதென்று அண்ணன் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தான். அவனும் இதே ஆலையில்தான் சுமை ஏற்றுகிறான்.

"அப்ப அதுதான் காரணம்" என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். "வேணும்னா புருஷனத் துவைக்கச் சொல்லும்மா."

நான் அண்ணி பக்கம் திரும்பினேன். "சொல்லுங்க அண்ணி. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அண்ணி நிமிர்ந்தாள்.

"அவருதான் துவைக்கிறாரு. சமைக்கிறதும் அவருதான், எனக்குத் தலை வாரி விடுறதும் அவருதான். இந்தக் கை தலை வரைக்கும் போயி ஆறு மாசமாச்சு. அதையும் எழுதுங்க."