கை சும்மா இருக்காது

படகில் ஏறியதிலிருந்து பல் டாக்டர் வாயை மூடவில்லை. அடுத்தவர் வாயைத் திறக்கவைத்துவிட்டுத் தான் மட்டும் பேசிப் பழகிய மனிதர். பதில் வருகிறதா என்று பார்க்கும் வழக்கமே கிடையாது.

"ஏழு தடவை இறங்கியிருக்கேன்மா. எனக்கு நீ ஒண்ணும் சொல்லித்தர வேணாம்."

"சரிங்க. அந்தப் பட்டனை மட்டும் அமுக்காதீங்க. காத்து வீணாப் போகுது."

வாயில் கடித்து மூச்சிழுக்கும் கருவியின் நடுவில் ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் உஸ்ஸென்று காற்று சீறும். டாக்டருக்கு அது விளையாட்டுச் சாமான்.

பதினொரு வருடமாக அவள் ஆட்களைக் கடலுக்குள் டைவிங் கூட்டிப்போகிறாள். ஒரு ஆளையும் கீழே விட்டுவிட்டு வந்ததில்லை. அதற்கு அவள் வைத்திருந்தது ஒரே சட்டம்: சிலிண்டர் வால்வை அவள் திறந்த பிறகு வேறு கை படக்கூடாது. டாக்டருடைய வால்வை முழுசாகத் திறந்தாள். காற்றளவு காட்டும் முள்ளைப் பார்த்தாள். துடுப்புச் செருப்பை மாட்ட முன்பக்கம் போனாள்.

பின்பக்கம் இன்ஜினுக்குப் பக்கத்தில் அவள் புருஷனின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். போன மாதம்தான் படகு வேலைக்கு வந்தவர். அதற்கு முன் முப்பது வருடம் குழாய் ரிப்பேர்.

பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் பவளம் மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்டு நின்றது. மஞ்சள் மீன்கள் அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தன. அவள் திரும்பினால், டாக்டர் மீனைப் பார்க்கவில்லை. கழுத்தைக் கையால் அறுத்துக் காட்டினார். காற்று இல்லை.

அவருடைய முள்ளைப் பிடித்துப் பார்த்தாள். மூச்சை இழுத்தால் பூஜ்யத்துக்கு விழுகிறது, விட்டால் மெல்ல ஏறுகிறது. சிலிண்டர் நிறையக் காற்று இருக்கிறது, வால்வுதான் இம்மியளவு விட்டு மூடிக்கிடக்கிறது. தன்னிடமிருந்த இன்னொரு கருவியை அவர் வாயில் திணித்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் திருகினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, இன்னும் சுற்றிக்கொண்டே போயிற்று.

ஆளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் மேலே வர முடியும். நடுவில் அழுத்தம் குறைவது உடம்புக்குப் பழக மூன்று நிமிடம் நிற்கவும் வேண்டும். அந்த மூன்று நிமிடமும் அவள் திட்டிய திட்டெல்லாம் குமிழியாகப் போயிற்று.

படகில் ஏறியதும் கேட்டாள்.

"வால்வ யாரு தொட்டது?"

"நான்தான்மா," என்றார் மூத்தவர். "உஸ்ஸுன்னு ஒழுகிச்சு. சத்தம் நிக்கிற வரைக்கும் லேசா இறுக்கினேன். கையோட கையா முடிச்சிடலாமேன்னு..."

"அது ஒழுகல மச்சான். இவரு பட்டனை அமுக்கி விளையாடிட்டு இருந்தாரு."

டாக்டர் முதன்முறையாக வேறுபக்கம் பார்த்தார்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், தொடாதீங்கன்னு?"

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன். முப்பது வருஷம் பார்த்த வேலை. கை சும்மா இருக்குமா?"

வயதில் மூத்தவர். கத்தவும் முடியாது, விடவும் முடியாது. அதே சிலிண்டரை அவர் முன்னால் நிறுத்தி வால்வை இறுக்கி மூடினாள்.

"இத வாயில வைங்க. மூக்கைப் பிடிச்சுக்குங்க. இழுங்க."

இழுத்தார். வந்தது.

"இன்னொரு தடவை."

அதுவும் வந்தது. என்ன பெரிய விஷயம் என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். மூன்றாவது இழுப்பில் குழாயில் மிச்சமிருந்த காற்றும் தீர்ந்து ஒன்றுமே வரவில்லை. கன்னம் ஒட்டியது, கண் பிதுங்கியது. கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"உங்களுக்குத் துப்ப இடம் இருக்கு," என்றாள். "அவருக்கு இல்ல."

ஒரு மணி நேரம் போயிற்று. டாக்டர் இனி இறங்க மாட்டார் என்றுதான் நினைத்தாள். மனிதர் அசரவில்லை, ஒன்பதாவது தடவை வேண்டுமாம். புது சிலிண்டரை மாட்டி, திறந்து, முள்ளைப் பார்த்துவிட்டு அவள் முன்பக்கம் போனாள்.

"எதுக்கும் நானே ஒரு தடவை பார்த்துடறேன்," என்று டாக்டர் பின்னால் கையை விட்டார்.

"கைய எடுய்யா!"

படகே ஆடியது. கத்திய மூத்தவர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அப்படியே இருங்க மச்சான்," என்றாள் அவள். "நாங்க மேல வர்ற வரைக்கும்."