ஜென்ஷியன் விதைக்கு எட்டு வாரக் குளிர்

"உங்க ஃப்ரிட்ஜ்ல எனக்கு ஒரு தட்டு வேணும் சார்."

தோட்ட வேலைக்குப் போகிறவள் வீட்டு உள்பக்கத்திலிருந்து எதையும் கேட்கக்கூடாது என்று சொல்லித்தான் அம்மா அனுப்பியிருந்தாள். நான் தாவரவியல் படித்தவள். எங்கள் முசரவாக்கத்துத் தெருவில் முதல் பட்டம் என்னுடையது.

பட்டுக்கடை ஜெயக்குமார் சார் ஸ்விட்சர்லாந்து சுற்றுலாவில் ஒரு நீலப் பூவைப் பார்த்துவிட்டார். ஆல்ப்ஸ் மலை ஜென்ஷியன். அந்த நீலத்தில் புடவை நெய்தே ஆகவேண்டும். "போன்ல கலர் மாறுது, பூவைக் கொண்டாங்க" என்றார் சாயக்காரர். விதை வந்தது. விதைக்காக நான் வந்தேன்.

"காஞ்சிபுரத்துல இது வளராது சார்."

"டிகிரி படிச்ச பொண்ணு இப்படிப் பேசலாமா திரிஷா?"

"படிச்சதாலதான் பேசறேன். முளைக்க வைக்கிறேன். பூக்கணும்னா நீங்க ஒரு மலை வாங்கணும்."

சிரித்தார். எங்கள் வீட்டு மணலை ஈரமாக்கி, எங்கள் வீட்டு டப்பாவில் போட்டுக் கலந்த விதை எட்டு வாரம் விடாமல் குளிரில் இருக்கவேண்டும். பனிக்காலம் முடிந்தது என்று நம்பினால்தான் முளைக்கும். "அதுல சாமிக்குப் பூ வைக்கிறோமே" என்று இழுத்த அவர் மனைவி புவனேஸ்வரி, கடைசியில் கீழ்த்தட்டைக் காட்டினார். என் படிப்பு முதல்முறையாக எதையோ முளைக்க வைக்கப் போகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டு வாரம் முடிந்து, டப்பாவை ஏசி அறைக்கு மாற்றி ஒரு மாதம் பார்த்தேன். மணல் மணலாகவே இருந்தது.

"இன்னாமா, இன்னும் தூங்கிக்கினு இருக்குதா?" என்றார் சார்.

"நடுவுல ஃப்ரிட்ஜ் நின்னு போச்சா மேடம்?"

"சேச்சே! வெள்ளிக்கிழமை, பிரதோஷம், கிருத்திகைக்கு மட்டும் டப்பாவை வெளிய வச்சேன். சாமி பூ உள்ள இருக்குது இல்ல? மறுநாள் பத்திரமா உள்ள வச்சிட்டேன்மா."

"வெளியன்னா எங்க?"

"அடுப்பு மேடையிலதான்."

ஆக, விதை வாரந்தோறும் ஆல்ப்ஸிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்து வெயில் காய்ந்துவிட்டுப் போயிருக்கிறது.

"வெறும் மணல் மேடம். கொத்தமல்லிக் கட்டு மண்ணோட உள்ளதானே இருக்குது?"

"அது கடையில வாங்கினது. இது நீ உங்க வீட்லேர்ந்து..." அவர் முடிக்கவில்லை.

"இன்னொரு பாக்கெட் இருக்குது, திரும்பப் போட்டுடலாம்" என்றார் சார் அவசரமாக.

"வெள்ளிக்கிழமையும் டப்பா உள்ளயே இருக்குமா சார்?"

சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் கொத்தமல்லியைப் பார்த்தார். அந்த இடைவெளியிலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

"ஒரு நாள்தானேமா..." என்று இழுத்தார் சார்.

"விதைய ஊட்டிக்கு அனுப்புங்க சார். அங்க அடுப்பு மேடைகூட ஜில்லுனு இருக்கும்."

மணலைத் தொட்டியில் கொட்டி, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"மணி பன்னெண்டுகூட ஆகலியே, வேலை நேரத்துல எங்கமா போற?" என்று சார் கேட்டபோது, நான் வெளியே நின்று கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தேன்.