கூரைக்கு ஒரு ரசீது

ஞானசௌந்தரி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, தொண்ணூற்றாறு தேர்தலில் நகராட்சித் தலைவி ஆனவள். பூந்தமல்லியை அடுத்த அந்தச் சின்ன ஊரில் ஓட்டுக் கேட்டுப் போனபோது அவள் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்றுதான்: காய்கறிச் சந்தைக்குக் கூரை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கஜானாவில் வெறும் காற்று. கூரைக்கோ அறுபதாயிரம் வேண்டும்.

"கடன் வாங்கிடலாம் மேடம்" என்றார்கள் கவுன்சிலர்கள், என்னவோ பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்குகிற மாதிரி. துப்புரவுத் தொழிலாளிகளுக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. இதில் வட்டியை யார் கட்டுவது? முடியாது என்றுவிட்டாள்.

ஒரு மழை நாளில் சந்தைக்குக் கத்திரிக்காய் வாங்கப் போனாள். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த காய்க்காரி வேம்புலியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"வா டீச்சரம்மா! கூடைக்கு ரெண்டு ரூபா தெனம் புடுங்கிக்கினு போறான் அந்த ஜம்புலிங்கம். நாங்க நனைஞ்சிக்கினு கீறோம். இன்னா கவுருமெண்டும்மா இது?"

"ஒரு நாளைக்கு எத்தனை கூடை வரும்?"

"முந்நூறுக்குக் கொறையாது."

பழைய டீச்சர் அல்லவா, மனம் தானாகவே பெருக்கிப் பார்த்தது. வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல்! சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை நகராட்சி ஆண்டுதோறும் ஏலம் விடும். போன முறை ஜம்புலிங்கம் அதை எடுத்தது எண்பத்தைந்தாயிரத்துக்கு.

அந்த வருஷம் ஏல நோட்டீஸை ஆபீஸ் சுவரோடு நிறுத்தாமல் சந்தையிலும் ஒட்டச் சொன்னாள். பத்தாயிரம் டெபாசிட் கட்டினால் யாரும் ஏலம் கேட்கலாம் என்று அதிலேயே இருந்தது. சந்தையில் காய் விற்கும் நாற்பது பெண்கள் சீட்டுப் பணத்திலிருந்து ஆளுக்கு இருநூற்றைம்பது போட்டார்கள்.

ஏலத்தன்று ஜம்புலிங்கம் மாப்பிள்ளை மாதிரி வந்தான். முந்தின நாளே, வழக்கப்படி, மற்ற குத்தகைக்காரர்களுக்கு ஐம்பதாயிரம் பிரித்துக் கொடுத்து ஒதுங்கச் செய்திருந்தான். ஆகவே கவலையில்லாமல் கேட்டான்: "எண்பத்தஞ்சு."

"ஒரு லட்சம்" என்றாள் வேம்புலியம்மாள்.

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசௌந்தரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். போன வருஷத்தைவிட அறுபதாயிரம் கூடினால்தான் கூரை. ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் வரவேண்டும்.

ஒன்று பத்து. ஒன்று இருபத்தைந்து. ஜம்புலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. ஒதுங்கினவர்களுக்குக் கொடுத்த ஐம்பதாயிரம், வசூல் ஆட்களின் கூலி எல்லாம் போக வசூலில் மிஞ்சுவதே ஏறக்குறைய ஒன்று நாற்பதுதான்; அதற்கு மேல் கேட்டால் கைநஷ்டம். அந்தப் பெண்களுக்கு ஆள் எதற்கு? அங்கேயே உட்கார்ந்திருப்பவர்கள்.

"ஒண்ணு நாப்பது!" என்று கத்தினான்.

அதோடு நின்றுபோனால்? ஞானசௌந்தரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு அம்பது" என்றாள் வேம்புலியம்மாள்.

"உனக்கு இன்னா தெரியும் வசூலைப் பத்தி?"

"குடுக்கறதே நாங்கதானே நைனா. எங்களுக்குத் தெரியாதா?"

ஜம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். மூன்று தரம் சொல்லி வேம்புலியம்மாளுக்கே ஏலத்தை முடித்தார்கள். ஞானசௌந்தரிக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

முதல் மாதத் தவணை கட்ட வேம்புலியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். ரசீதை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். ஆனால் நகரவில்லை. தன் சுங்கச் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒன்றைக் கிழித்து மேசைமேல் வைத்தாள்.

"காசுக்கு ரசீது குடுத்துட்டே டீச்சரம்மா. கூரைக்கு?"

ஞானசௌந்தரி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினாள்: 'ஐப்பசி மழைக்கு முன்.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

வேம்புலியம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தேதி போடலியே?"

பேனாவை மறுபடி திறந்து தேதியும் போட்டுக் கொடுத்தாள்.